தெருவுக்கு ஒரு தட்பவெப்பம்

2025 செப்டம்பர் 22 நள்ளிரவையொட்டித் தொடங்கி மறுநாள் காலை வரை பெய்த மழையைக் கொல்கத்தாவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். மகாளயம் கழிந்து, துர்க்கா பூஜைக்கு நகரம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை அது. விடிந்தபோது கரியாஹாட், பாலிகஞ்ச், காளிகாட் பகுதிகளின் தெருக்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. நகரிலும் சுற்றுப்புறத்திலும் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர்.

அன்று காலை இரண்டு வகையான கணக்குகள் வெளியாயின. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அலிப்பூர் நிலையம், காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் 251.4 மி.மீ. மழை பதிவானதாக அறிவித்தது. மாநகராட்சி, நகரின் வெவ்வேறு பகுதிகளில் தான் வைத்திருக்கும் மழைமானிகள் காட்டிய அளவுகளை வெளியிட்டது. கரியாவுக்கு அருகேயுள்ள காம்டஹரியில் 332 மி.மீ., ஜோத்பூர் பார்க்கில் 285, காளிகாட்டில் 280, பாலிகஞ்சில் 264, வடக்கே தண்டனியாவில் 195.

இவற்றுள் எது சரியான எண்? எல்லாமே சரி. ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தில், தான் கணக்கெடுத்த நேரத்தில் பெய்த மழையைச் சொல்கிறது. ஒரே இரவில், ஒரே நகரில், காம்டஹரிக்கும் தண்டனியாவுக்கும் இடையே 137 மி.மீ. வேறுபாடு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்று ஜோத்பூர் பார்க்கில் அன்றிரவு தாங்கிய நீர் 28,500 லிட்டர். தண்டனியாவில் 19,500 லிட்டர். வடிகால் எதைத் தாங்க வேண்டும், மரத்தின் வேர் எவ்வளவு நேரம் மூச்சுமுட்ட நீரில் நிற்கும், மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலை பிழைக்குமா என்பவற்றையெல்லாம் முடிவுசெய்வது, நாளிதழில் வரும் ‘கொல்கத்தா மழை’ அன்று; அந்தத் தெருவில் பெய்த மழைதான்.

நிலத்தில் வாழும் உயிர்களின் வாழ்வை வகுக்கும் தட்பவெப்பக் காரணிகள் எவை, அவை எவ்வாறு அளக்கப்படுகின்றன, அந்த அளவுகளை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைக் கரியாஹாட்டிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

நீரும் நிலமும்

கரியாஹாட் சந்திப்பிலிருந்து சிறிது தொலைவில் இரவீந்திர சரோவர் இருக்கிறது. 1920-களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை வெட்டிய ஏரி இது. டாகுரியா ஏரி என்று வழங்கிய இதற்கு 1958-இல் கவியரசர் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் கரை, காலை நடைக்குரிய இடம்.

அந்தக் கரையில் நின்று பார்த்தால் இருவகைச் சூழல் தொகுதிகளின் வேறுபாடு விளங்கும். நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வது. ஆதலால் ஏரிக்குள் வாழும் மீனுக்குப் பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் சில பாகைகளே மாறும். கரையில் நிற்கும் மரத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பகல் வெயில், இரவுக் குளிர், மார்ச் மாத வறட்சி, ஜூலை மாத ஈரம், வைகாசிப் புயல் ஆகிய அனைத்தையும் அது நின்ற இடத்திலேயே தாங்க வேண்டும். விலங்கு நிழல் தேடி நகரலாம். மரம் நகர இயலாது. இதனாலேயே நிலச் சூழலில் தட்பவெப்பம் முதன்மையான காரணியாகிறது. அதனை ஒளி, வெப்பம், ஈரம், காற்று என நான்காகப் பகுத்துக் காண்பது வழக்கம்.

ஒளி

கொல்கத்தா வடக்கு அட்சரேகை 22.5 பாகையில், கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. ஜூன் இறுதியில் நண்பகல் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். பகல் பொழுது சுமார் பதின்மூன்றரை மணி நேரம். டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் அது 44 பாகை உயரத்தையே எட்டும். பகல் பத்தே முக்கால் மணி நேரமாகச் சுருங்கும்.

நீண்ட பகல் என்பதால் ஜூன், ஜூலையில்தான் வெயில் மிகுதி என்று கருதினால் கணக்குத் தவறும். அப்போது வானத்தை மழைமேகம் மூடியிருக்கும். எனவே பகலின் நீளம் வேறு, உண்மையில் வெயில் அடித்த நேரம் வேறு. இரண்டாவதை அளக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் கருவி, கேம்ப்பெல்–ஸ்டோக்ஸ் பதிவான். இது ஒரு கண்ணாடிக் கோளம். அதன் பின்னே மணிக்கோடிட்ட அட்டை ஒன்று. கோளம் கதிரவனின் ஒளியைக் குவித்து அட்டையைச் சுடும். கதிரவன் நகர நகரத் தீய்ந்த கோடு நீளும். மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுபடும். மாலையில் அந்த அட்டையை எடுத்துத் தீய்ந்த நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் நேரம் கிடைக்கும். இக்காலத்தில் கதிர்வீச்சுமானிகள், ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றலை நொடிதோறும் வாட் கணக்கில் பதிவு செய்கின்றன.

தாவரத்துக்கு எல்லா ஒளியும் உணவாவதில்லை. ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியே ஒளிச்சேர்க்கைக்கு உதவும். அதனை மட்டும் அளக்கும் உணரிகளும் உண்டு. அடர்ந்த மழைக்காடு ஒன்றின் உச்சியில் விழும் ஒளியில் தரையை எட்டுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. பெருமரத்தின் அடியில் நட்ட பூஞ்செடி நீர் ஊற்றியும் தேறாமல் போவதற்கு மண்ணைக் குறை சொல்லுமுன் ஒளியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெப்பம்

2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவில் 43.0 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. ஏப்ரல் மாதத்தில் அத்தகைய வெப்பம் 1954-க்குப் பிறகு பதிவானதில்லை. இந்த 43 பாகை எதன் வெப்பம்? வெயிலின் வெப்பம் அன்று; நிழலில் உள்ள காற்றின் வெப்பம்.

வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது காற்றை அளக்காது. கதிரவனால் தான் எவ்வளவு சூடேறியது என்பதையே சொல்லும். சுவரருகே வைத்தால் சுவரின் சூட்டைச் சொல்லும். எனவேதான் உலகெங்கும் வானிலை நிலையங்களில் வெண்ணிறம் பூசிய மரப்பெட்டி ஒன்றைக் காண்கிறோம். அதனை வடிவமைத்தவர் கலங்கரை விளக்கப் பொறியாளரான தாமஸ் ஸ்டீவன்சன். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. பெட்டியின் பக்கங்களில் சாய்ந்த சட்டங்கள் காற்றை விடும், வெயிலை விடா. தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், புல்தரை மேல், வடக்கு நோக்கித் திறக்குமாறு அது நிறுத்தப்படும். உள்ளே நான்கு வெப்பமானிகள்: அன்றைய உச்சத்தைக் காட்ட ஒன்று, தாழ்வைக் காட்ட ஒன்று, அந்நேர வெப்பத்துக்கு ஒன்று, ஈரத் துணி சுற்றிய குமிழோடு ஒன்று.

கரியாஹாட் சந்திப்பில் புல்தரை இல்லை. மேம்பாலத்தின் கான்கிரீட், தார்ச்சாலை, நடைபாதைக் கடைகளின் கூரைகள், குளிர்சாதனப் பெட்டிகள் வெளியேற்றும் அனல் ஆகியவை பகல் முழுதும் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல விடுகின்றன. ஆகவே நகரத் தெருவின் இரவு, புல்வெளியின் இரவைவிட வெம்மை மிக்கது. இது தாவரத்துக்குப் பொருட்டான செய்தி. பகலில் ஒளிச்சேர்க்கையால் ஈட்டியதை இரவில் சுவாசத்தால் செலவழிக்கிறது செடி. இரவு வெப்பம் ஏறினால் செலவும் ஏறும்.

பயிர் அறிவியலார் வெப்பத்தை ஒரு நாளோடு நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே வருவார்கள். அன்றைய உச்ச, தாழ்வு வெப்பங்களின் சராசரியிலிருந்து, அந்தப் பயிர் வளரத் தேவையான அடிப்படை வெப்பத்தைக் கழித்து, மீதியை நாள்தோறும் சேர்ப்பார்கள். உச்சம் 35, தாழ்வு 26, அடிப்படை 10 எனில் அன்றைய வரவு 20.5. சேமிப்புக் கணக்கில் தினசரி இருப்பின் மீது வட்டி சேர்வது போல இது சேர்ந்து வரும். குறித்த தொகை எட்டும்போது பயிர் பூக்கும். இன்னொரு தொகையில் முதிரும். நாட்காட்டியைவிட இந்தக் கூட்டுத்தொகை விளைச்சல் நாளை நன்கு முன்னறிவிக்கிறது.

ஒரு தமிழர் கண்ட விந்தை

வெப்பமானியை எந்த உயரத்தில் வைப்பது என்பது அற்பமான கேள்வியன்று. அதனை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் எல். ஏ. இராமதாஸ். 1900-இல் பாலக்காட்டில் பிறந்த இவர், கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் ஆய்வு பயின்றவர். பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1932-இல் புனேயில் வேளாண் வானிலையியல் பிரிவு தொடங்கியபோது அதனை வளர்த்தெடுத்த பணி இவருடையது. இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை என்று இவரைப் போற்றுவர்.

தெளிந்த வானமும் அசைவற்ற காற்றும் உள்ள இரவில் தரைதான் முதலில் குளிரும். ஆகையால் தரையை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்திருக்கும் என்பது அதுவரை நிலவிய கருத்து. இராமதாஸும் அவருடன் பணியாற்றிய ஆத்மநாதனும் தரைக்கு அருகே பல உயரங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தனர். மிகக் குறைந்த வெப்பம் தரையில் இல்லை. அதற்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. 1932-இல் வெளியான இந்த முடிவைப் பலர் முதலில் நம்பவில்லை. அளவீட்டுப் பிழை என்றே கருதினர். பின்னர் பிற நாடுகளிலும் அதுவே காணப்பட்டது. ‘இராமதாஸ் அடுக்கு’ என்ற பெயரும் நிலைத்தது. தரையும் காற்றும் இரவில் வெப்பக் கதிர்களை விடுக்கும் முறையை ஆராய்ந்து, ரோத்தம் நரசிம்மா முதலிய பெங்களூரு அறிஞர்கள் 1990-களில் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் முன்வைத்தனர்.

நாற்றும் காய்கறிச் செடியும் வாழ்வது இந்தச் சில பத்து சென்டிமீட்டருக்குள்தான். நான்கடி உயரப் பெட்டியில் உறைபனி வெப்பம் காட்டாத இரவிலும் கீழே தளிர் கருகக்கூடும். எனவே பயிர் நிலையங்களில் பெட்டியோடு நிற்காமல், புல்லின் மட்டத்தில் ஒரு வெப்பமானியும், மண்ணுக்குள் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் வெப்பமானிகளும் வைக்கப்படுகின்றன.

காற்றின் தாகம்

ஈரம் என்னும் காரணி இரு முகம் கொண்டது. மண்ணுக்கு வரும் நீர் ஒன்று. காற்று பறிக்கும் நீர் மற்றொன்று.

கோடையில் மண்பானை நீர் குளிர்கிறது; மழைக்காலப் புழுக்கத்தில் அவ்வளவு குளிர்வதில்லை. பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாதல் தளர்ந்துவிடுகிறது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானியின் தத்துவம் இதுவே. உலர்ந்த வெப்பமானிக்கும் ஈர வெப்பமானிக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால் காற்று வறண்டது. வேறுபாடு குறைந்தால் ஈரமானது. அட்டவணையைக் கொண்டு ஒப்பு ஈரப்பதத்தைக் கணிக்கலாம்.

ஆனால் ஒப்பு ஈரப்பதம் மட்டும் செடியின் நிலையைச் சொல்லிவிடாது. 25 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சமாக ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கலாம். 35 பாகையில் ஏறக்குறைய 40 கிராம். இரு நிலையிலும் ஈரப்பதம் 60 விழுக்காடு எனக் கொள்வோம். முதலாவதில் நிரம்ப இன்னும் 9 கிராம் தேவை. இரண்டாவதில் 16 கிராம். ஈரப்பத எண் ஒன்றே; ஆனால் காற்றின் தாகம் ஒன்றல்ல. இந்தப் பற்றாக்குறையே இலையிலிருந்து நீரை இழுக்கிறது. இழுப்பு மிகும்போது மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிஞ்சும், கரிவளி உள்ளே வராது, வளர்ச்சி நிற்கும். கடும் வெயில் நாளில் மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் செடி வாடித் தொங்குவதற்குக் காரணம் இதுவே.

காற்று பறிக்கும் நீரை நேரடியாக அளக்க ஓர் எளிய கருவி உண்டு: 120.7 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் கொண்ட திறந்த உலோகத் தொட்டி. நம் நாட்டில் பறவைகள் குடிக்காதபடி மேலே கம்பி வலை இடுவது வழக்கம். நாள்தோறும் நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது என்று குறித்து, மழை பெய்திருந்தால் அதனையும் கணக்கில் சேர்ப்பார்கள். 1948-இல் ஹோவர்ட் பென்மன், கதிர்வீச்சு, வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம் ஆகிய நான்கையும் இணைத்து ஆவியாதலைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். அதன் வளர்ந்த வடிவமே இன்று உலகெங்கும் பாசனத் தேவையைக் கணக்கிடப் பயன்படுகிறது.

வரவையும் செலவையும் ஒரே படத்தில் காட்டும் முறையைத் தாவரச் சூழலியலார் வகுத்துள்ளனர். ஒரு மாதத்து மழை மில்லிமீட்டரில், அம்மாதச் சராசரி வெப்பத்தின் இருமடங்குக்கும் குறைவானால் அது வறண்ட மாதம். கொல்கத்தாவில் ஜனவரியின் சராசரி வெப்பம் 20 பாகையளவு, இருமடங்கு 40. பெய்யும் மழையோ அதற்கு வெகு குறைவு. ஜூலையில் வெப்பம் 29 பாகையளவு, இருமடங்கு 58. மழையோ 300 மி.மீட்டருக்கும் மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை பெறும் நகரிலும் குளிர்கால மாதங்கள் வறண்டவையே. வடகிழக்குப் பருவமழையை நம்பும் சென்னைக்கு மழை உச்சம் அக்டோபர், நவம்பரில். ஊர் மாறிவந்த தமிழர், சென்னையில் பழகிய மாதத்தில் இங்கே விதையிட்டு ஏமாறுவதன் காரணம் இந்தப் படத்தில் தெரியும்.

காற்று

காற்றின் வேகம் பொதுவாக 10 மீட்டர் உயரக் கம்பத்தில், சுழலும் கிண்ணங்கள் கொண்ட மானியால் அளக்கப்படுகிறது. தரையருகே கட்டடமும் மரமும் காற்றைத் தடுக்கும். உயரத்தில் அத்தடை குறையும்.

2020 மே 20 அன்று உம்பன் புயல் கொல்கத்தாவைக் கடந்தபோது அலிப்பூரில் மணிக்கு 110 கி.மீட்டருக்கும் மேற்பட்ட வேகம் பதிவாயிற்று. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இரவீந்திர சரோவரின் கரையும் தன் மரங்கள் பலவற்றை இழந்தது. காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். 55 கி.மீ. வேகக் காற்றைத் தாங்கிய மரம், 110 கி.மீ. வேகத்தில் இருமடங்கு அல்ல, நான்கு மடங்கு விசையை எதிர்கொள்ள வேண்டும். மழையால் மண் இளகியும், நடைபாதைக் கற்களால் வேர் பரவ இடமின்றியும் நின்ற தெருமரங்களுக்கு அது இயலாத காரியம்.

காற்று அழிக்க மட்டும் செய்வதில்லை. இலைகளுக்கும் வானுக்கும் இடையே நீராவியையும் கரிவளியையும் கொண்டு செல்வதும் அதுவே. இந்தப் போக்குவரத்தை அளக்கக் காட்டின் மேல் உயர்ந்த கோபுரங்கள் நிறுத்தப்படுகின்றன. அங்குள்ள உணரிகள் நொடிக்குப் பத்து அல்லது அதற்கும் மேற்பட்ட முறை காற்றின் மேல்கீழ் அசைவையும் அதிலுள்ள வளிகளையும் குறிக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், காடு எவ்வளவு கரிவளியை உள்ளிழுத்தது, எவ்வளவு விடுத்தது என்பது தெரியும். கொல்கத்தாவுக்குத் தெற்கே சுந்தரவனத்திலும் தமிழகத்தில் பிச்சாவரத்திலும் அலையாத்திக் காடுகளின் மூச்சு இவ்வாறு அளக்கப்பட்டுள்ளது.

கணக்கு எழுதத் தொடங்கிய நகரம்

இந்தியாவில் வானிலையை முறையாக அளக்கும் வழக்கத்துக்குக் கொல்கத்தாவே பிறப்பிடம் எனலாம். சூறாவளிகளை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் அதற்கு ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை உருவாக்கியது இங்கிருந்துதான், ஆண்டு 1848. 1864 அக்டோபரில் பெரும்புயல் ஒன்று நகரைத் தாக்கிப் பேரழிவு விளைத்தது. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. அளவுகள் ஆங்காங்கே இருந்தும் ஒருங்கிணைந்த கணக்கு இல்லை என்பது அப்போது புலப்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டு, எச். எஃப். பிளான்ஃபோர்டு பொறுப்பேற்றார். அதன் முதல் தலைமையகம் கல்கத்தா.

அன்று தொடங்கிய ஒழுங்கு இன்றும் தொடர்கிறது. நாடெங்கும் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழை அளக்கப்படும், 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். நேரமும் கருவியும் உயரமும் மாறாமையால்தான் ஓர் ஊரை மற்றோர் ஊரோடும், இந்த ஆண்டைச் சென்ற ஆண்டோடும் ஒப்பிட முடிகிறது. முப்பது ஆண்டுப் பதிவுகளின் சராசரியே ‘இயல்பு’ எனப்படுகிறது. தற்போது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு வழக்கில் உள்ளது. ஒரு நாளின் நிலை வானிலை. முப்பது ஆண்டுக் கணக்கு காலநிலை.

சராசரியோடு நின்றுவிடவும் கூடாது. எந்தத் தாவரம் ஓரிடத்தில் வளரும் என்பதைச் சராசரி பெரும்பாலும் சொல்லும். எது பிழைக்கும் என்பதைச் சிலநாள் உச்சங்களே முடிவு செய்யும்.

எண்ணும் பணமும்

இந்த அளவுகள் உழவர் கணக்கில் பணமாகவும் மாறுகின்றன. பயிர்க்கடன் பெற்றவர்கள் அறிந்த மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 2016 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் இழப்பீடு, வயலில் பயிரை அறுத்து அளந்து முடிவு செய்யப்படுவதில்லை. அப்பகுதிக்கெனக் குறித்த வானிலை நிலையத்தில் மழை, வெப்பம், ஈரப்பதம் போன்றவை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினவா, தாழ்ந்தனவா என்பதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. முடிவு விரைவில் கிடைக்கும் என்பது இதன் நன்மை. ஆனால் நிலையத்தில் மழை பெய்து, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வயலில் பெய்யாவிட்டால், வயல் காய்ந்தும் இழப்பீடு வராது. காம்டஹரியும் தண்டனியாவும் ஒரே இரவில் காட்டிய வேறுபாட்டை இங்கே நினைவுகூர வேண்டும். நிலையங்களின் அடர்த்தியைப் பெருக்க, வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையமும் ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானியும் அமைக்கும் நோக்கோடு 2023-இல் ‘விண்ட்ஸ்’ என்னும் வலையமைப்பை நடுவண் அரசு தொடங்கியதன் காரணம் இதுவே. இத்தகைய காப்பீட்டை எடுக்கும் வாடிக்கையாளர் கேட்டறிய வேண்டிய முதல் செய்தி, தம் வயலுக்கு உரிய நிலையம் எது, அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதாகும்.

வீட்டில் ஒரு பதிவேடு

நம் தெருவின் தட்பவெப்பத்தை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாத்திரம் ஒன்று போதும். அதில் நின்ற நீரின் உயரமே மழையளவு. சிறு மழையை நுட்பமாக அளக்க விரும்பினால் புனலும் புட்டியும் பயன்படுத்தலாம். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. எனில், சேர்ந்த நீரில் ஒவ்வொரு 20 மில்லிலிட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை. சுவரோ மரமோ அருகில் இருந்தால், கருவியின் வாய்மட்டத்துக்கு மேல் அது எவ்வளவு உயரமோ அதன் இருமடங்கு தொலைவு தள்ளி வைக்க வேண்டும். மொட்டைமாடியில் காற்று துளிகளை அடித்துச் செல்வதால் அளவு சற்றுக் குறையக்கூடும். எனினும் இடத்தை மாற்றாமல் வைத்திருந்தால் ஒப்பீட்டுக்குக் குறைவில்லை. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, மழை இல்லாத நாளிலும் சுழியம் என்று எழுதுவது நல்லது. எழுதாத நாள் மழையற்ற நாளா, மறந்த நாளா என்பதைப் பின்னர் யாராலும் சொல்ல இயலாது.

வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், சுவரைத் தொடாமல் தொங்கவிடலாம். அவற்றோடு மரங்களையும் குறித்து வைக்கலாம். இலைகளற்ற இலவ மரத்தில் முதற்பூ தோன்றிய நாள், கோடையில் குல்மொகர் சிவந்த நாள், மழைக்காலத்தில் கடம்பு உருண்டை உருண்டையாகப் பூத்த நாள், பூஜைக் காலத்து இரவுகளில் ஏழிலைப்பாலையின் மணம் முதன்முதலாகத் தெருவில் வீசிய நாள். மரம் ஒளியையும் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்தே அளந்து பூக்கிறது. பத்து ஆண்டுகள் ஒரே மரத்தைக் குறித்து வந்தால் அதுவே ஓர் ஆவணம்.

மழையை அளப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், பண்டகசாலையில் ஒரு முழ வாயகலமுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்குமாறு விதிக்கிறது. அந்த விதி இடம்பெறுவது, கருவூலத்தைக் காக்கும் அதிகாரியின் கடமைகளைக் கூறும் அத்தியாயத்தில். விளைச்சலும் வரியும் மழையைச் சார்ந்தவை ஆதலால், பொன்னையும் நெல்லையும் எண்ணியவரே மழையையும் எண்ணினார். தமிழகத்துப் பஞ்சாங்கங்கள் இன்றும் ஆண்டு மழையை மரக்கால் கணக்கில் சொல்கின்றன.

அடுத்த பருவமழை கொல்கத்தாவுக்கு வழக்கம்போல ஜூன் மாதத்தில் வரும். அதற்குள் மாடியில் ஒரு பாத்திரத்தையும், அருகே ஒரு குறிப்பேட்டையும் வைத்துவிடலாம். நகரத்துக்கு எவ்வளவு மழை என்பதை வானொலி சொல்லும். உங்கள் தெருவுக்கு எவ்வளவு என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லும்.